தண்ணீர் குடித்தால் எடை குறையுமா?

வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் தொப்பை கரையும். ஐஸ் தண்ணீர் குடித்தால் கொழுப்பு உறைந்துவிடும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்தால் உடம்பு ஊதும். குடும்ப வாட்ஸாப் குழுவில் இந்த மூன்றில் ஒன்றாவது வாரம் தவறாமல் வந்துவிடும். மூன்றும் தவறு. அதற்காகத் தண்ணீருக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. வயிற்றுக்குள் தேடுகிறோம், அது மலேசியாவின் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை) மேசையில் இருக்கிறது. உங்கள் கிளாஸில் தண்ணீர் இருக்கும் நேரத்தில் அதில் தே தாரிக் (கெட்டிப் பால் விட்டு ஆற்றித் தரும் தேநீர்) இல்லை. எடைக் குறைப்பில் தண்ணீர் செய்யும் வேலையில் பெரும்பங்கு இவ்வளவுதான். மீதி சிறுபங்கு, சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் கொஞ்ச நேரம் இடம் பிடித்துக்கொள்வது. இரண்டையும் கணக்கோடு பார்ப்போம்.

கொழுப்பு எங்கே போகிறது?

உடம்பில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருப்பாகக் கிடக்கிறது. (இங்கே கலோரி என்று சொல்வதெல்லாம் உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் கிலோகலோரிதான்.) வரவைவிடச் செலவு கூடும்போது உடம்பு அந்த இருப்பில் கை வைக்கிறது. எரிந்த கொழுப்பு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ, கரியமில வாயுவாக மூச்சோடு வெளியேறும். மீதி 1.6 கிலோதான் நீராகிறது. ஆக, கொழுப்பு சிறுநீரோடு கழுவிக்கொண்டு போகிறது என்ற பேச்சுக்கு இடமில்லை. அதில் பெரும்பகுதி மூக்கு வழியாகப் போகிறது. எத்தனை லிட்டர் குடித்தாலும், வரவு செலவில் பற்றாக்குறை விழாதவரை அந்த இருப்பு அசையாது.

குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்க உடம்பு கலோரி செலவழிக்குமே என்று கேட்கலாம். செலவழிக்கிறது. எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 4 பாகை தண்ணீர் அரை லிட்டரை 37 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 16 கலோரி ஆகும். ஒரு தேக்கரண்டி சீனி அளவு. கோலாலம்பூர் வெக்கையில் மேசைமேல் 28 பாகையில் நிற்கும் தண்ணீர் என்றால் ஐந்து கலோரிகூடத் தேறாது. 2003-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, அரை லிட்டர் தண்ணீர் உடம்பின் எரிசக்திச் செலவைத் தற்காலிகமாக 30 விழுக்காடு உயர்த்துகிறது என்றது. 'தண்ணீர் மெட்டபாலிசத்தைக் கூட்டும்' என்று இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கும் வாசகத்துக்கு மூலம் பெரும்பாலும் அதுதான். பின்னால் வேறு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது அந்த அளவு விளைவு கிடைக்கவில்லை.

ஐஸ் தண்ணீரோ வெந்நீரோ, எடையைப் பொறுத்தவரை எது உங்களுக்கு இறங்குகிறதோ அது. சீரகத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர் எல்லாம் ருசிக்காகக் குடிக்கலாம், தாராளமாக. ஆனால் அதில் ஒரு மேசைக்கரண்டி தேன் விட்டால் 60 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும். உடல் மெலிய வேண்டும் என்று காலையில் எழுந்ததும் செய்கிற முதல் காரியமே சர்க்கரையை உள்ளே தள்ளுவதாக முடிந்துவிடுகிறது.

கிளாஸுக்குள் இருப்பது

இனி மாமாக் கடைக்கு வருவோம். தே தாரிக்கின் இனிப்பும் கெட்டித்தன்மையும் டின்னில் வரும் கெட்டிப் பாலிலிருந்து வருபவை. அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி எடை சீனி. ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம். அதில் 65 கலோரி. கடைக்குக் கடை, கைக்குக் கை மாறும் என்றாலும், ஒரு கிளாஸுக்கு இரண்டிலிருந்து மூன்று கரண்டிவரை விழுகிறது. இரண்டரைக் கரண்டி என்று நடுவாக வைத்தால் 160 கலோரி, 25 கிராம் சீனி. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கப்பட்ட சீனியை 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 25 கிராம், காலைப் பசியாறும்போது வந்த முதல் கிளாஸிலேயே தீர்ந்துபோகிறது.

காலையில் ஒன்று, மூன்று மணி இடைவேளைக்கு ஒன்று, இரவு பந்து பார்க்க உட்காரும்போது ஒன்று. நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் 480 கலோரி. முப்பது நாளில் 14,400. காகிதக் கணக்கில் ஒரு கிலோ 850 கிராம் கொழுப்பு. நிஜத்தில் அவ்வளவு இறங்காது. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் குறையும். பசி கொஞ்சம் கூடும். தேநீரில் விட்டதை வேறு எங்கோ கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். பாதி இறங்கினாலும் மாதம் ஒரு கிலோவுக்குப் பக்கம். சோற்றில் ஒரு பருக்கை குறைக்காமல், ஒரு அடி கூடுதலாக நடக்காமல் கிடைப்பது.

குடிக்கும் கலோரி ஏன் இவ்வளவு தந்திரமானது? மென்று தின்ற கலோரியை உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது; குடித்ததைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 15 பேருக்கு நாளொன்றுக்கு 450 கலோரி சீனியை நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் சோடாவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தம்மை அறியாமலே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் குறைக்கவில்லை, எடை ஏறியது. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. இரண்டு கிளாஸ் தே தாரிக்கும் அதே அளவுதான். 'ரெண்டு ரொட்டி தின்றுவிட்டேன், போதும்' என்று சொல்லும் வயிறு, 'ரெண்டு தே குடித்துவிட்டேன், ரொட்டி வேண்டாம்' என்று ஒருநாளும் சொல்லாது.

மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019-இல் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள்; 2023-இல் அது 54.4 ஆனது. 2019 ஜூலையில் அரசாங்கம் சீனி பானங்களுக்கு வரி போட்டது: 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென். பிறகு அது உயர்த்தவும் பட்டது. ஆனால் அது டின்னிலும் பாட்டிலிலும் வருகிற சரக்குக்கு. அண்ணன் கண்முன்னே ஆற்றித் தருகிற தே தாரிக்கில் 100 மில்லிக்கு 10 கிராமே இருந்தாலும் அதைக் கேட்க ஆளில்லை.

எப்படிக் கேட்டு வாங்குவது

'நாளையிலிருந்து தே தாரிக்கே கிடையாது' என்று ஒரே வெட்டாக வெட்டுபவர்கள் மூன்றாம் நாள் தலைவலியோடு திரும்பி வருவார்கள். அந்தத் தலைவலி சீனிக்காக வருவதைவிட, தேநீரில் இருக்கும் காஃபின் திடீரென்று நின்றதால் வருவதே அதிகம். எனவே தேநீரை நிறுத்த வேண்டாம். இனிப்பை இறக்குங்கள். நாக்கு புதிய அளவுக்குப் பழகச் சில வாரம் பிடிக்கும்; அதுவரை படிப்படியாக.

முதல் இரண்டு வாரம் அதே தே தாரிக், 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லி. இது நல்ல தொடக்கம்தான், ஆனால் இதிலேயே நின்றுவிடக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பது ஆற்றுபவரின் கையைப் பொறுத்தது, அளவே இல்லை. அடுத்த இரண்டு வாரம் 'தே சி கோசோங்'. இதில் இனிப்பில்லாத டின் பால் மட்டும், சீனி கிடையாது. இரண்டு கரண்டி பாலுக்கு 40 கலோரி அளவில் நிற்கும். பால் நிறம் வேண்டும், சாயம் தூக்கலாக வேண்டும் என்பவர்கள் இங்கேயே தங்கிவிடலாம், தப்பில்லை. அதற்கும் கீழே இறங்க முடிந்தால் 'தே ஓ கோசோங்'. கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம். சொல்லும்போது அந்த 'ஓ'வை விழுங்கிவிடாதீர்கள். 'தே கோசோங்' என்று அவர் காதில் விழுந்தால் பால் கலந்து வர வாய்ப்புண்டு. 'கோசோங்' விட்டுப்போய் வெறும் 'தே ஓ' என்றால் பால் இருக்காது, ஆனால் சீனி இரண்டு மூன்று கரண்டி அடியில் கிடக்கும். கலக்காமல் குடித்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் கடைசி மடக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

சாப்பாட்டோடு குடிப்பதற்கு 'ஆயர் சுவாம்' (வெதுவெதுப்பான தண்ணீர்) அல்லது 'ஐஸ் கோசோங்' (வெறும் ஐஸ் தண்ணீர்). இளைஞர்கள் இதை 'ஸ்கை ஜூஸ்' என்பார்கள். வானத்திலிருந்து விழும் சாறாம். லீமாவ் ஐஸ் வெறும் எலுமிச்சைதானே என்று தோன்றும், அதிலும் சீனிப்பாகு உண்டு. வேண்டாம் என்று சொன்னால்தான் இல்லாமல் வரும். சிராப் பண்டோங் (ரோஜாப் பாகும் பாலும் கலந்தது), மைலோ ஐஸ் இரண்டும் தே தாரிக்குக்கு இளைத்தவை அல்ல. மைலோ பிள்ளைகளுக்குச் சத்து என்ற நம்பிக்கையில் பெரியவர்கள் குடிக்கும் பெரிய கிளாஸில் கெட்டிப் பாலும் சீனியும் சேர்ந்தே இருக்கின்றன. இளநீர் பரவாயில்லை: 300 மில்லிக்கு 60 கலோரி அளவு. ஆனால் அதை 'தண்ணீர்' கணக்கில் எழுதாதீர்கள், மேலே சிராப் ஊற்றித் தரவும் விடாதீர்கள். தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும் பந்தலுக்குப் பந்தல் சிவப்புத் தண்ணீர் நீட்டுவார்கள். வருடத்தில் ஒருநாள், வாங்கிக் குடியுங்கள். கணக்குப் பார்க்க வேண்டியது மற்ற 364 நாளை.

டின்னிலும் பாட்டிலிலும் வாங்குகிறவர்கள் பின்பக்க அட்டவணையில் 'ஜும்லா கூலா' (மொத்தச் சீனி) என்ற வரியைத் தேடுங்கள். அதில் 100 மில்லிக்கான அளவைப் பாருங்கள். பாட்டில் 500 மில்லி என்றால் ஐந்தால் பெருக்க வேண்டும். உப்புச்சத்து சேர்த்த விளையாட்டுப் பானங்களிலும் சீனி உண்டு. அரைமணி நேர நடைக்கு அவை தேவையே இல்லை. சீனி இல்லாத டயட் பானங்கள் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சீனி சோடாவிலிருந்து மாறுகிறவருக்கு அவை கைகொடுக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் எடைக் கட்டுப்பாட்டுக்கு இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. இனிப்பு ருசியிலிருந்தே நாக்கை விலக்குவது நோக்கமென்றால் தண்ணீர்தான் நேர்வழி.

சாப்பாட்டுக்கு முன் இரண்டு கிளாஸ்

தண்ணீரின் இரண்டாவது வேலை இது. 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் குறைந்த கலோரி உணவோடு, மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். 12 வாரத்தில், அதே உணவுமுறையைத் தண்ணீர் இல்லாமல் கடைப்பிடித்தவர்களைவிட ஏறக்குறைய 2 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். 2015-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 84 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு அரை லிட்டர் குடித்தவர்கள் 12 வாரத்தில் 1.3 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். பிரமாதமான எண் என்று சொல்ல முடியாது. செலவே இல்லாத ஒரு பழக்கத்துக்கு நல்ல எண். இளவயதினரிடம் இந்த விளைவு மங்கலாகவே தெரிகிறது. அவர்களுக்குத் தண்ணீர் வயிற்றைவிட்டு வேகமாக இறங்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

செய்முறை எளிது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுவதாக இருந்தால் பன்னிரண்டரைக்கு 250 மில்லி கிளாஸில் இரண்டு. ஒரே மூச்சில் கவிழ்க்காமல் ஐந்து பத்து நிமிடத்தில் குடியுங்கள். ஆபீஸில் இருப்பவர்கள் கைப்பேசியில் அலாரம் வைக்கலாம். பிசகுவது எங்கே என்றால், மறந்துவிட்டுக் கடைக்குப் போய், தட்டு வந்த பிறகு அரை லிட்டரைக் கடகடவென்று குடிப்பதில். அப்போது வயிறு உப்பும், சங்கடமாக இருக்கும். ஆனால் தட்டில் போட்டாயிற்றே என்று முழுவதையும் சாப்பிட்டும் விடுவோம். பரிமாறும் அளவைத் தீர்மானிக்கும் முன்பே தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். 'சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் குடித்தேனே' என்ற தைரியத்தில் இன்னொரு அகப்பை சோறு வாங்குவது இன்னொரு வழுக்கல்.

சாப்பிடும்போது குடித்தால் ஜீரண நீர் நீர்த்துப்போகும் என்று பாட்டிகள் தடுப்பார்கள். இரைப்பை தனக்கு வேண்டிய அமிலத்தைத் தேவைக்கேற்பச் சுரந்துகொள்ளும். நடுவில் ஒரு கிளாஸ் குடிப்பதால் எதுவும் கெடாது. அமிலம் மேலேறும் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் ஒரே நேரத்தில் வயிற்றை ரொப்ப வேண்டாம்.

இதிலேயே இன்னும் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1999-இல் பெண்களிடம் செய்து பார்த்த ஒரு சோதனை. ஒரே கோழிச் சோற்றுப் பதார்த்தம். ஒருநாள் அதை அப்படியே, ஒருநாள் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு, ஒருநாள் அதே தண்ணீரை அதற்குள் விட்டு சூப்பாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த மதிய உணவை அவர்கள் குறைத்துச் சாப்பிட்டது சூப் குடித்த நாளில் மட்டும். பக்கத்தில் கிளாஸில் வைத்த தண்ணீரால் பயனில்லை. தனித் தண்ணீர் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும், அதில் பாதி கால்மணி இருபது நிமிடத்துக்குள் போய்விடும். உணவோடு கலந்து வெந்த தண்ணீர் மெதுவாக நகரும், வயிறும் அதைச் சாப்பாடு என்றே எண்ணிக்கொள்ளும்.

நம் சமையல் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு எவ்வளவு வேண்டுமானாலும் மறுபடி போடுவார்கள்; ரசத்தைக் கடைசியில் கேட்டு வாங்கிக் குடிப்போம். வரிசையை மாற்றிப் பாருங்கள். உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் ரசம், பிறகு காய்கள், பிறகு சோறு. இன்னும் நல்லது, காய் நிறைந்த சாம்பார், கீரை மசியல், சுரைக்காய்க் கூட்டு, வெள்ளரிப் பச்சடி. வெள்ளரியில் 95 விழுக்காடு தண்ணீர்தான். வீட்டில் இரவு உணவுக்குப் பாசிப்பருப்பும் காயும் போட்ட கஞ்சி வைத்தால் தண்ணீரும் சாப்பாடும் ஒரே சட்டியில் வந்துவிடும். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு இந்தப் பட்டியலில் சேராது. நீராக ஓடுகிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். கடையில் வாங்கும் மீஹூன் சூப் கலோரியில் பரவாயில்லை, உப்பில் கனம்.

எவ்வளவு குடிப்பது

நாளைக்கு எட்டு கிளாஸ் என்ற விதிக்கு மூலமாக அடிக்கடி காட்டப்படுவது 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று வெளியிட்ட குறிப்பு. நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்று சொல்லிவிட்டு, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார்கள். அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை. மலேசிய உணவு வழிகாட்டி சொல்வது நாளைக்கு ஆறிலிருந்து எட்டு கிளாஸ், அதாவது ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர். பெரும்பாலோருக்கு இது சரியான இடம். எடையை வைத்துப் பார்ப்பவர்கள் கிலோவுக்கு 30 முதல் 35 மில்லி என்று போடுவார்கள். 70 கிலோவுக்கு 2.1 முதல் 2.45 லிட்டர். 110 கிலோ உள்ளவர் இதே கணக்கில் நாலு லிட்டருக்குப் பக்கம் போக வேண்டியதில்லை. கொழுப்புத் திசுவில் நீர் குறைவு. அந்தக் கூடுதல் எடைக்குக் கூடுதல் தண்ணீர் கேட்காது.

பாலும் சீனியும் இல்லாத தேநீரும் காப்பியும் இந்தக் கணக்கில் சேரும். மிதமாகக் குடித்தால் அவை உடம்பை வறள வைப்பதில்லை.

கணக்கெல்லாம் தலைவலி என்றால் சிறுநீரைப் பாருங்கள். இளமஞ்சள் என்றால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். தே ஓ நிறத்துக்கு வந்திருந்தால் போதவில்லை. பச்சைத் தண்ணீர் போலவே நாள் முழுக்க இருந்தால் தேவைக்கு மேல் போகிறது. வைட்டமின் பி மாத்திரை போடுபவர்களுக்கு மட்டும் இது ஏமாற்றும். எவ்வளவு குடித்தாலும் பளிச்சென்ற மஞ்சளாகத்தான் இருக்கும்.

தித்திவாங்சா ஏரியைச் சுற்றியோ பினாங்கு தாவரப் பூங்காவிலோ காலையில் ஓடுகிறவர்கள், ஓடும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கலாம், வியர்வையைத் துடைத்துவிட்டு. 600 கிராம் குறைந்திருந்தால் ஏறக்குறைய 600 மில்லி வியர்வை போயிருக்கிறது. அதை அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டினால் போதும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் வியர்வை ஆறாமல் வடிந்துகொண்டே இருப்பதால் நிறைய இழப்போம். அந்த 600 கிராம் கொழுப்பு அல்ல. பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுபவர்கள் இழப்பதும் அதே தண்ணீரைத்தான்; வீட்டுக்கு வந்து குடித்ததும் திரும்பிவிடும். நடுவில் மயங்கி விழும் ஆபத்து மட்டும் மிச்சம்.

தண்ணீர் குடிக்காமல் போவதற்கு நம் நகரங்களில் உண்மையான காரணம் சோம்பல் அல்ல, ஜாம். ஃபெடரல் நெடுஞ்சாலையிலோ பினாங்குப் பாலத்திலோ ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொள்வோம், கழிவறைக்கு எங்கே போவது என்று மாலை நாலு மணிக்கே குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மணிக்குத் தொண்டை காய்ந்து, பெட்ரோல் நிலையத்தில் இறங்கும்போது கை நேராகக் குளிர்பானப் பெட்டிக்குப் போகிறது. இதற்கு ஒரே வழி, குடிப்பதை முன்தள்ளுவது: காலை எழுந்ததும் 400 மில்லி, மதியத்துக்குள் 750 மில்லி பாட்டில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் சொன்ன அரை லிட்டர் அதற்குள்ளேயே அடங்கட்டும். கிளம்பும் முன் கழிவறை; காரில் அரை பாட்டில், தாகத்துக்கு மட்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திவிட்டால் இரவில் எழுந்திருக்க வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், இந்தப் பக்கம் சேர்த்தது அந்தப் பக்கம் போய்விடும்.

தராசு காட்டும் பொய்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடித்துவிட்டு ஏறி நின்றால் ஒரு கிலோ கூடித்தான் காட்டும், பதறத் தேவையில்லை. நேற்று இரவு சாப்பிட்ட மகி கோரேங்கின் (வறுத்த மகி நூடுல்ஸின்) உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் காலையில் ஒரு கிலோ ஏறியிருக்கலாம். மாதவிடாய் நாட்களிலும் அப்படியே. மறுபக்கம், சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கிவிட்டது என்று கொண்டாடுவார்கள். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த இருப்பு தீரும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. மூன்றாம் வாரம் வேகம் குறையும்போதுதான் கொழுப்பின் உண்மையான கணக்கு தொடங்குகிறது. பலர் சரியாக அங்கேதான் கைவிடுகிறார்கள். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், அதே உடையில் நிறுங்கள். நாள் எண்ணைப் பார்க்காமல் ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

யார் கூடுதலாகக் குடிக்கக் கூடாது

நன்றாக இருக்கும் சிறுநீரகம்கூட மணிக்கு ஏறக்குறைய 800 மில்லி முதல் ஒரு லிட்டர்வரைதான் வெளியேற்ற முடியும். சவால் என்று ஒரு மணி நேரத்தில் மூன்று லிட்டர் குடிப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும்: தலைவலி, குமட்டல், குழப்பம், மோசமானால் வலிப்பு. இதில் உயிரே போனதுண்டு.

இதய பலவீனம், சிறுநீரக நோய், ஈரல் சுருக்கம் உள்ளவர்களும், நீர் இறங்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மேலே சொன்ன ஆறு எட்டு கிளாஸ் கணக்கைத் தொடவே கூடாது. டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கஞ்சியும் ரசமும் ஐஸ் கட்டியும்கூடத் தண்ணீர்தான். மருத்துவர் எழுதித் தந்த மில்லிக் கணக்குக்குள் அவையும் அடங்க வேண்டும்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். எதையும் மாற்றாமலே தாகம் கூடுகிறது, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார்கள், எடையும் தானாக இறங்குகிறது. தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது என்று அவர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. நீரிழிவு தொடங்கும்போது இப்படித்தான் காட்டும், அதுவும் மலேசியாவில் நம் இந்தியர்களிடம்தான் அது அதிகம். பக்கத்திலிருக்கும் அரசாங்க கிளினிக்கில் வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முந்தைய எட்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம்.